ஜே பெர்வாங்கரின் கோப்பை: சிகாகோவில் தேடிச் சென்று காணத்தக்கது

சிகாகோவுக்குச் செல்லும் அமெரிக்கக் கால்பந்து ஆர்வலர்கள், ஹைட் பார்க் பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராட்னர் விளையாட்டு மையத்துக்கும் நேரம் ஒதுக்குவது நல்லது. கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும், இன்று ஹைஸ்மன் கோப்பை எனப்படும் விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கரின் கோப்பை அங்கேதான் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மனின் பெயர் அவ்விருதுக்குச் சூட்டப்பட்டது மறு ஆண்டில்தான்.

கையால் பந்தை அணைத்து, மறுகையை நீட்டி ஓடும் வீரனின் வெண்கல உருவம் அழகானதே. எனினும், பெர்வாங்கரின் ஆட்டத்தை அறிந்துகொண்டு செல்பவருக்கே அது முழுமையாகப் பேசும். ஆட்டக்காரர்களை விருப்பம்போல் மாற்ற விதிகள் இடங்கொடாத அக்காலத்தில், ஹாஃப்பேக்காக (பந்தை ஏந்தி ஓடும் பின்வரிசை வீரராக) நின்ற அவர் ஓடினார், பந்தை எறிந்தார், உதைத்தார், எதிரணி தாக்கும்போது தடுத்தும் ஆடினார். 1935இல் ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிராக அவர் ஓடிய 85 கெஜ ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது. 1934இல் அவரை மடக்க முயன்ற மிச்சிகன் வீரர் ஒருவரின் இடக்கண்ணுக்குக் கீழே ஏற்பட்ட காயம் தழும்பாகவே தங்கிவிட்டது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெரால்டு ஃபோர்டுதான் அந்த வீரர். இத்தனைக்கும் 1935இல் அவர் ஆடிய சிகாகோ பல்கலைக்கழக அணி நான்கு ஆட்டங்களில் வென்று நான்கில் தோற்றது. நடுத்தரமான அணியில் ஆடிய ஒருவரை நாட்டின் தலைசிறந்தவராகத் தேர்ந்தெடுத்ததே அவருடைய திறமைக்குப் போதிய சான்று என்பது என் கருத்து.

தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்எஃப்எல், 1936இல் நடத்திய முதல் டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஃபிலடெல்ஃபியா அணி அவரையே முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. பிறகு அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமை சிகாகோ பேர்ஸ் அணிக்குச் சென்றது. ஊதியத்தில் உடன்பாடு ஏற்படாததால் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. கல்லூரியோடு முடிந்த ஆட்டவாழ்வின் அடையாளமாக எஞ்சிய இக்கோப்பையை அவருடைய அத்தை நெடுநாள் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார் என்ற செய்தியை நினைத்துக்கொண்டு பார்த்தால், அதன் மீது தனி வாஞ்சை பிறக்கிறது.

கோப்பையைக் கண்டபின் எல்லிஸ் அவென்யூ வழியே தெற்கே நடக்கவும் பரிந்துரைக்கிறேன். அவர் ஆடிய பழைய ஸ்டாக் ஃபீல்டு இருந்த இடத்தில் இப்போது ரீகன்ஸ்டைன் நூலகம் நிற்கிறது. 1939 பருவத்தோடு பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. 1942இல் அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் முதல் அணுக்கருத் தொடர்வினை நிகழ்த்தப்பட்டது. கால்பந்தில் நாட்டமில்லாத துணையோடு செல்பவர்களுக்கும் இந்த நடை சலிப்பூட்டாது.