ஏசிஎல் அறுந்த முட்டி: பிரேஸ் மாட்டி ஓட்டுவதா, இப்போதே அறுவையா?

மோட்டோகிராஸில் (மண்தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்) முட்டி போவது பெரும்பாலும் வளைவில்தான். நீட்டிய காலின் பூட்ஸ் பள்ளத்தில் சிக்கும். பைக் முன்னே போகும், கால் பின்தங்கித் திருகும். முட்டிக்குள் எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் ஏசிஎல் நார் அறுந்துவிடும்.

காலம்
பிரேஸ் (கீல் வைத்த முட்டிக் கவசம்): வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு மடங்கினால் சில வாரங்களில் ஏறலாம்.
அறுவை: சுமார் 9 மாதம். சீசன் போச்சு.

உறுதி
பிரேஸ்: முட்டி பின்னுக்கு வளைவதையும் பக்கவாட்டில் ஒடிவதையும் குறைக்கும். திருகலை முழுதாகப் பிடிக்காது. ஏசிஎல் இல்லாத முட்டி நழுவுவதோ அந்தத் திருகலில்தான். தொடை தசை சுருங்கியிருந்தால் பிரேஸும் கீழே இறங்கிவிடும், கீல் முட்டிக்கு நேராக நிற்காது.
அறுவை: புது நார் வேரூன்ற மாதங்கள் ஆகும். தொடை பலம் மறுகாலின் 90 சதவீதத்தை எட்டுமுன் ஏறினால் மறுபடி அறுபடலாம்.

சேதம்
பிரேஸ்: ஒவ்வொரு நழுவலும் முட்டிக்குள் மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸை நசுக்கும். இன்று தைக்கக்கூடிய கிழிசல், சீசன் முடிவில் வெட்டி எடுக்க வேண்டியதாகலாம். மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வர இதுவே போதும்.
அறுவை: தையலையும் கையோடு முடிக்கலாம்.

சீசனில் ஓரிரு பந்தயம்தான் பாக்கி, எம்ஆர்ஐயில் மெனிஸ்கஸ் முழுசு, சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரம்: பிரேஸ். படி இறங்கும்போதே முட்டி நழுவுகிறதா, மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்கிறதா? அப்படியானால் அறுவைதான், பேச்சே இல்லை. பதின்ம வயது ஓட்டுநருக்கும் அதேதான்.