முகம் இல்லாத அப்புச்சி: திருமுருகன்பூண்டியில் செய்த கற்சிலை

திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செய்யும் ஒரு பட்டறையில் எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) நினைவுச் சிலை செய்யக் கொடுத்தோம். கண், மூக்கு, மீசை எதுவும் வேண்டாம். கட்டம், சரிவு, உருண்டை போதும் என்றேன். "முகம் இல்லீன்னா ஆளு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் பெரியவர். நியாயமான கேள்விதான்.

சிற்பி பிரான்குசி 1912இல் மார்கிட் போகனி என்ற ஓவியரைப் பளிங்கில் வடித்த சிலையின் படத்தைக் காட்டினேன். தலை ஒரு முட்டை, கண்கள் இரண்டு பெரிய வளைவுகள். தன் முகச்சாயல் இல்லாதபோதும் அது தான்தான் என்று போகனிக்கே தோன்றியிருக்கிறது. பெரியவர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தன் கணக்கைச் சொன்னார்: நவதாளம் என்ற சிலை அளவு முறையில் முகம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம், முழு உருவம் 108 அங்குலம் (இந்த அங்குலம் இஞ்ச் இல்லை, சிலையின் உயரத்துக்குத் தக்கபடி மாறும் பங்கு). நவதாளத்தில் செய்கிற எந்தச் சாமிக்கும் அந்த விகிதம் மாறாது, இன்னார் என்று காட்டுவது நிற்கிற நிலையும் கையும்தான். "அவரு நிக்கிற போட்டோ குடுங்க. முதுகுப் பக்கம் எடுத்ததும் வேணும்" என்றார். இந்தப் பட்டறையை நான் நம்பியது அப்போதுதான்.

அப்புச்சி சென்னிமலையில் குழித்தறி நெய்தவர். வலது தோள் எப்போதும் இறங்கியே இருக்கும், கழுத்து கொஞ்சம் முன்னால் நீளும். தூரத்தில் வரும்போதே அவர்தான் என்று தெரிந்துவிடும்.

வந்திருப்பது இரண்டரை அடிக் கருங்கல். சதுரப் பீடம், அதன் மேல் மேலே போகப்போக அகலும் பாளம், வலப்பக்கம் இறங்கும் சரிவு, உச்சியில் சற்றே முன்தள்ளிய உருண்டை. அவ்வளவுதான். காவிக்கோடு போட்டபோது சரிவு அதிகமாகி ஆள் விழுவதுபோல் தெரிந்தது. பெரியவரே அழித்துக் குறைத்தார். அந்தச் சின்னத் திருத்தத்தில்தான் அப்புச்சி வந்தார். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எங்கய்யன் படலத் தொறக்கப் போறாப்ல இருக்குது" என்றாள்.

மாமனுக்கு மனசு ஒப்பவில்லை, மீசையாவது வைத்திருக்கலாம் என்கிறார். அவருக்காகப் பீடத்தில் பெயரைச் சிறிதாக வெட்டச் சொன்னோம். சென்னிமலைக்குப் பக்கத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலில், இறந்தவர்களுக்கு நட்ட நெடுங்கல்லில் முகம் கிடையாது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆட்களின் பெயர் கீறியிருக்கிறது. இங்கே இரண்டும் ஒரே கல்லில் இருக்கட்டும்.

குறையும் உண்டு. உளித்தடம் முழுக்க அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியும் முன்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுவிட்டார்கள். வெயிலில் அந்தப் பளபளப்பு சரிவை விழுங்குகிறது. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் கொத்தியபடியே இருப்பதால் அதுதான் அழகு. வாசலைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்திருக்கிறோம். கும்பாபிஷேக வேலை வந்தால் மற்ற வேலை பின்னுக்குப் போகும், அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. கல், கூலி சேர்த்து 45,000 ரூபாய், வண்டி வாடகை தனி. பாலிஷ் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைக் கல்லின் மேலேயே காவியால் குறித்துவிட்டு வாருங்கள்.