செங்கோட்டை பட்டறையில செஞ்ச போன் ஹோல்டர், ஏழு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

பிக்கப், டாட்டா ஏஸ் மாதிரி வண்டி வச்சு மலைப்பாதையில லோடு அடிக்கிறவங்க கண்டிப்பா முழுசா படிங்க. நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய் ஏத்தி புனலூர், கொட்டாரக்கரை கடைகளுக்கு எறக்குறேன், வாரத்துக்கு நாலு நடை. புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலைன்னு போற ரூட்டு. பழைய கடைக்கு கண்ணை மூடிட்டு போயிருவேன், புது கடைக்காரங்க லொகேஷன் அனுப்பி விட்ருவாங்க, கொட்டாரக்கரை பக்கம் உள்ள இருக்குற சந்துக்கெல்லாம் மேப் இல்லாம போக முடியாது. அதனால போன் கண்ணுக்கு எட்டுற எடத்துல இருந்தே ஆகணும்.

முதல்ல ஆன்லைன்ல 349 ரூவாய்க்கு ஒரு ஹோல்டர் வாங்கினேன், கண்ணாடியில உறிஞ்சி ஒட்டிக்கிற டைப், நீளமா வளையிற கழுத்து. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. போன ஆடி மாசம் புனலூர்ல எறக்கிட்டு காலி வண்டியா திரும்பி வர்றேன், எஸ் வளைவு எறக்கத்துல முதல் திருப்பம் ஒடிக்கும்போது டப்புன்னு கண்ணாடியை விட்டுருச்சு. போன் உருண்டு போய் பிரேக் பெடலுக்கு அடியில நின்னுட்டு. மிதிக்கிறேன், பாதிக்கு மேல பெடல் எறங்கல. எதுக்க தடி லாரி ஏறி வருது. ரெண்டாவது கியர்ல வந்ததால தப்பிச்சேன், முதல் கியருக்கு தள்ளி ஹேண்ட் பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமா இழுத்து செவத்தோரமா நிறுத்தினேன். கால் நடுக்கம் நிக்க பத்து நிமிசம் ஆச்சு. வீட்ல இன்னும் சொல்லல.

ஏன் விட்டுச்சுன்னு அப்புறம் யோசிச்சா புரியுது. உறிஞ்சு கப்பை பிடிச்சு வைக்கிறது வெளிக்காத்தோட அழுத்தம்தான், ஓரத்துல தூசியோ ஈரமோ கொஞ்சம் பூந்தா போதும், உள்ள காத்து ஏறிரும். நம்ம பக்கம் தென்காசியில வெயில்ல வண்டி நின்னா அந்த ரப்பர் கொளகொளன்னு ஆகிரும், அங்கேருந்து ஒரு மணி நேரத்துல ஆரியங்காவு போனா சாரல், கண்ணாடி ஜில்லுன்னு இருக்கும், உள்பக்கம் ஆவி படியும். தெனமும் இப்படி சூடும் குளுமையும் மாறி மாறி பட்டா எந்த ரப்பர் தாங்கும். அதோட கழுத்து நீளமா இருந்தா வண்டி ஆடுற ஆட்டம் அத்தனையும் நுனியில பெருசாத்தான் தெரியும், அந்த இழுப்பு முழுக்க கப்பு மேலதான் விழும்.

செங்கோட்டையில நமக்கு தெரிஞ்ச ஒரு வெல்டிங் பட்டறை, அங்க பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அந்தக் காலத்துல ஜீப்புக்கெல்லாம் வயர்லெஸ் செட்டு மாட்டுற வேலை பாத்தவரு. நடந்ததைச் சொன்னேன். "ஏய்யா, வயர்லெஸ் மைக்கு என்னைக்காவது கீழ விழுந்து பாத்திருக்கியா"ன்னு கேட்டாரு. வயர்லெஸ் செட்டுல கையில பிடிச்சு பேசுற அந்த மைக்குக்கு முதுகுல ஒரு பொத்தான் இருக்கும், தகட்டுல ஒரு காடி வெட்டிருக்கும், மேலேருந்து எறக்குனா எறங்க எறங்க காடி குறுகி கச்சுன்னு உக்காரும். வண்டி குலுங்குனா இன்னும் கீழதான் எறங்கும், அதோட எடைதான் அதுக்கு பூட்டு. 1946ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊர்ல முதமுதல்ல கார்ல டெலிபோன் வச்சப்போ செட்டு மட்டும் முப்பத்தாறு கிலோ இருந்துச்சுன்னு நான் படிச்சிருக்கேன், அதை அவர்கிட்ட சொன்னதும், "செட்டை போல்ட்டு போட்டு முறுக்கிரலாம்யா, கையில எடுக்குற ரிசீவரை உக்கார வைக்கிறதுதான் வேலையே"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்கிட்ட குடுத்தேன்.

வண்டியையும் போனையும் கவரோட கொண்டு வரச் சொன்னாரு. போனை அட்டை மேல வச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சு, பவர் பட்டன், வால்யூம் பட்டன், சார்ஜர் ஓட்டை எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாரு. இது எவ்வளவு முக்கியம்னு பழைய ஹோல்டர் வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், அதோட கை நேரா பவர் பட்டன் மேல அமுங்கி மேப் ஓடும்போதே திரை அணைஞ்சு போகும்.

செஞ்சு குடுத்தது இதுதான். அலுமினிய தகடு, கீழ ஒரு வெரக்கடை அகலத்துக்கு தாங்கு, நடுவுல டைப் சி பின் நுழைய வெட்டு. இடது பக்கம் அசையாத மடிப்பு, வலது பக்கம் நகர்ற பிடி, விங் நட்டுல, அதாவது ரெண்டு காது வச்ச நட்டுல, கையாலயே முறுக்குறது, ரெண்டுமே பட்டனுக்கு எடம் விட்டுத்தான் பிடிக்குது. போனோட எடை முழுக்க கீழ இருக்குற தாங்கு மேலதான், பக்கத்து பிடி ஆடாம வச்சுக்க மட்டும்தான். உள்பக்கம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டிருக்காரு. முதுகுல பெரிய சன்னல் மாதிரி திறந்து விட்டுட்டாரு, மேப்பும் சார்ஜும் சேந்து ஓடுனா போன் சூடாகும், காத்து படணும்ல. டேஷ்போர்டுல ஏற்கனவே ஸ்க்ரூ இருக்குற எடத்துலயே ரப்பர் வாஷர் வச்சு, குலுக்கல்ல கழலாம இருக்க உள்ள நைலான் வளையம் வச்ச நைலாக் நட்டு போட்டு இறுக்கிட்டாரு. கழுத்தே கிடையாது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், கண்ணாடியை மறைக்காத உயரம், என் பக்கம் லேசா சாஞ்சு இருக்கும், தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் எறக்குனா தெரியுது.

ஏழு மாசத்துல ஒரு தடவை கூட போன் விழல, ஒரு தடவை கூட. தென்மலை தாண்டி மழையில ரோடு பேந்து கெடந்தப்போ கேபின்ல இருந்த தண்ணி பாட்டில், பில் புக்கு எல்லாம் கீழ கெடக்கு, போன் வச்சபடி இருக்கு.

குறையும் சொல்லணும். செவ்வாக்கிழமை தர்றேன்னாரு, சனிக்கிழமைதான் கைக்கு வந்துச்சு. ஓரம் சரியா ராவாம விரல்ல கீறிருச்சு, திருப்பி குடுத்து ராவி வாங்கினேன். முதல் வாரம் கடகடன்னு ஒரு சத்தம், இன்னொரு வாஷர் போட்டதும் நின்னுட்டு. ஒத்தக் கையால போனை எடுக்கிறது கஷ்டம், விங் நட்டை லூஸ் பண்ணணும், ஆனா வண்டி ஓடும்போது எடுக்கவே கூடாதுங்கிறதால எனக்கு அது நல்லதாத்தான் படுது. ஏர்பேக் இருக்குற வண்டின்னா மூடிக்கு மேலயோ பக்கத்துலயோ இரும்பு, தகடு எதுவும் மாட்டாதீங்க, அது விரிஞ்சா தகடு மூஞ்சிக்குத்தான் வரும். என் வண்டியில ஏர்பேக் இல்ல.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. 2020 அக்டோபர்லேருந்து ஓட்டும்போது போனை வழி பாக்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் செதறாத மாதிரி. கையில பிடிச்சிருந்தா ஆபத்தா ஓட்டுறதுன்னு கேஸ், முதல் தடவைக்கே 1000லேருந்து 5000 வரை அபராதம் போடலாம். கேரளாவுல 2023 ஜூன்லேருந்து விதிமீறலை தானா படம் பிடிக்கிற ஏஐ கேமராவும் இருக்கு, ரோட்டுல ஆள் இல்லைன்னு நெனைக்காதீங்க.

பைக்குக்கு இதே மாதிரி கேக்குறவங்களுக்கு, இந்த டிசைன் வேணாம். இஞ்சின் அதிர்வு நேரா ஏறி கேமராவுக்குள்ள இருக்குற ஆட்டம் தாங்குற பாகத்தை கெடுத்துரும், ஆப்பிள் கம்பெனியே 2021ல இதை எச்சரிச்சிருக்கு. பைக்குன்னா அதிர்வை உறிஞ்சுற ரப்பர் வச்சதுதான் வேணும், பெரியவரும் பைக்குக்கு செய்ய மாட்டேன்னுட்டாரு.

எனக்கு மொத்தம் 450 ஆச்சு, மாட்டுற கூலியும் சேத்துதான். போன் மாத்துனா தகடு அப்படியே இருக்கட்டும், பிடியையும் கீழ தாங்கையும் மட்டும் மாத்தித் தர்றேன், 150 குடுன்னு சொல்லிருக்காரு.