பழைய எம்.எம். 540-ஐப் புதுப்பிக்கலாமா? இன்ஜினைவிட சேஸியைப் பாருங்கள்

ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து விலைக்கு வரும் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்புகளில் மீட்டரைப் பார்த்துப் பயனில்லை. ஐந்து இலக்க மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பாதி வண்டிகளில் கேபிளே எப்போதோ அறுந்திருக்கும். போதாததற்கு, மலையில் ஓடிய கிலோமீட்டரும் ஓமலூர் ரோட்டில் ஓடிய கிலோமீட்டரும் ஒன்றல்ல. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் மூன்றாம் கியரிலேயே ஏறி, அதே கியரில் இறங்கிய வண்டியில் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் டிரம் எல்லாமே சமவெளி வண்டியைவிட அதிகம் தேய்ந்திருக்கும். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதை விட்டு, எந்த ரோட்டில், என்ன ஏற்றிக்கொண்டு ஓடியது என்று கேளுங்கள்.

என்ன ஏற்றியது என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. தோட்டத்து ஜீப்பில் போகும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது தரைத் தகட்டின் மடிப்பில் தங்கி, மலை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பின் சீட்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கினால் தகடு அப்பளமாக உதிரும். ஆள் ஏற்றி மட்டும் ஓடிய வண்டி மூன்று லட்சம் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, உரம் ஏற்றியது ஒரு லட்சமே ஓடியிருந்தாலும் யோசிக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பயப்படுவது இன்ஜினுக்கு. உண்மையில் இந்த வண்டியில் எளிதாக மீட்கக்கூடியது அதுதான். எம்.எம். 540-ல் இருக்கும் பெழோ வகை எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின் 2,112 சி.சி., 62 குதிரைத்திறன். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வெட் லைனர், அதாவது குளிரூட்டும் தண்ணீர் நேரே சுற்றிவரும் தனிக்குழாய் சிலிண்டர் என்பதால் பிளாக்கை போர் அடிக்க வேண்டியதில்லை. பழைய லைனரைத் தட்டி எடுத்துவிட்டுப் புது லைனர், பிஸ்டன், ரிங் செட் இறக்கிவிடலாம். கிராங்கை 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸுக்கு கிரைண்டிங் செய்து, அதே சைஸ் பேரிங் போட்டால் கீழ்ப்பாதி முடிந்தது. சேலத்தில் இதற்கான லேத்துக்கும் கைதேர்ந்த ஆளுக்கும் பஞ்சமில்லை.

இன்ஜின் வேலை வேண்டுமா என்பதைப் பிரிக்காமலேயே சொல்லிவிடலாம். சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் சரி. புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங் போய்விட்டது. கம்ப்ரஷன் டெஸ்டில் தனித்தனி அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் மட்டும் கவனம். ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால் சின்ன வேலை. லைனர் உட்காரும் இடத்தில் பிளாக் அரித்திருந்தால் ஓ-ரிங் எத்தனை மாற்றினாலும் தண்ணீர் அடியிலுள்ள ஆயில் சம்ப்பில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கூலன்ட் போடாமல் வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன் இது. அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் டியூபையும் அடைத்துவிடும். அப்புறம் வண்டி பாதி மலையிலேயே கொதிக்கும். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார். அது வைத்தியம் இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஏற்காட்டு மார்கழிக் குளிரில் வேலைச் சூட்டுக்கே வராது. காலையில் வெள்ளைப்புகை, டீசல் வீண், சிலிண்டர் தேய்மானம். ரேடியேட்டர் கோர் மாற்றி, ஃபேன் ஷ்ரவுடைத் திரும்ப மாட்டி, தெர்மோஸ்டாட்டும் போட்டால்தான் வேலை முடிந்தது.

இப்போது சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். வண்டியைப் பிட்டில் ஏற்றி, கம்பி பிரஷ், சிறு சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச் நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடம், முன் ஸ்பிரிங் ஹேங்கர், பின் ஷாக்கிள் அடி, கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர். தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் ‘தொப்’ என்று சத்தம் போடும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். விரிசலைப் பெயின்ட் மறைத்திருந்தாலும், முடி அளவு துருக்கோடு காட்டிக்கொடுக்கும். ஏற்கனவே பட்டை வைத்து வெல்டிங் அடித்த இடம் இருந்தால், அதன் ஓரத்தை இன்னொரு தடவை பாருங்கள். புது விரிசல் பெரும்பாலும் பழைய வெல்டிங்கின் ஓரத்தில்தான் கிளம்பும்.

அடுத்து குறுக்களவு. இடது முன் ஹேங்கர் போல்ட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். வலது பின் போல்ட்டுக்கும் அப்படியே. பிறகு எதிர்ப்பக்கம். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் 6 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஒரு விரல்கடை வந்துவிட்டால் வண்டி எங்கோ பலமாக வாங்கியிருக்கிறது. அதை நிமிர்த்தாமல் மேலே செலவு செய்வது வீண், நிமிர்த்தும் செலவோ எளிதில் அடங்காது.

ஓரிடத்தில் மட்டும் விரிசல் என்றால் பயப்பட வேண்டாம். விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு அது ஓடுவதை நிறுத்தி, வி-பள்ளம் எடுத்து வெல்டிங் அடித்து, மேலே வைர வடிவப் பட்டை வைக்க வேண்டும். சதுரப் பட்டை வைத்தால் வெல்டிங் கோடு சேஸிக்குக் குறுக்காக விழும், அடுத்த விரிசலுக்கு நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் கனெக்‌ஷனைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். நிறையப் பேர் மறப்பது இதைத்தான். இரண்டு மூன்று இடங்களில் விரிசல், கூடவே பாடி அடியும் போயிருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். இன்ஜின் புதிதாகவே இருந்தாலும்.

சேஸிக்குச் சமமான தடை ஆர்.சி. புத்தகம். டெல்லி வட்டாரத்தில் போல் 10 வருஷ டீசல் தடை தமிழ்நாட்டில் இல்லை. சொந்த போர்டு வண்டியின் பதிவு 15 ஆண்டு முடிந்ததும் ஃபார்ம் 25 கொடுத்து ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 ஆண்டைத் தாண்டிய கார், ஜீப் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. மஞ்சள் போர்டு என்றால் 8 ஆண்டுக்குப் பிறகு வருஷாவருஷம் எஃப்.சி. உண்டு. சேஸி நம்பர் பஞ்ச்சை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். துரு தின்று எண் படிக்க முடியாவிட்டால் ஒப்பிடவே வழியில்லை. இன்ஜின் மாற்றியது புத்தகத்தில் ஏறாமல் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அது அனுமதி வாங்காத மாற்றம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்கிறவர் பெயரில் இவற்றைச் சரிசெய்ய வைக்க வேண்டும். “பாத்துக்கலாம்ண்ணா” என்ற வாய்வார்த்தையில் வாங்கிய ஜீப்புகள் ஊரில் எத்தனையோ ஷெட்டில் நிற்கின்றன.

கியர்பாக்ஸில் தேய்மானம் மலை இறக்கத்தில்தான் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டாம் கியரில் இறக்கத்தில் விட்டு, லிவரிலிருந்தும் கையை எடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே பல்லும் ஃபோர்க்கும் போயிருக்கின்றன. லோ ரேஞ்சிலும் இதே சோதனை, ஆனால் மண் பாதையில். முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டானா 18 வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் உட்காரும் ஓட்டை தேய்ந்து ஆயில் கசிவது பழைய வியாதி. வெறும் ஓ-ரிங் மாற்றி அனுப்பினால் அடுத்த மழைக்குள் மறுபடி சொட்டும். ஷாஃப்ட், நீடில் பேரிங், த்ரஸ்ட் வாஷர் மூன்றையும் சேர்த்து மாற்றி, ஹவுசிங் தேய்ந்திருந்தால் லேத்தில் புஷ் போட வேண்டும்.

இன்னொன்று: முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக் கொண்டை ஊசி வளைவு திரும்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கேறும், லிவர் வெளியே வராமல் அடம்பிடிக்கும், ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் யூ.ஜே. கிராஸ்தான் முதலில் பலியாகும். சேறு, புல், சரளைக்கு மட்டும் ஃபோர் வீல். மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கத்துத் தோட்டப் பாதைகளுக்கு அது வேண்டும். மெயின் ரோட்டுக்கு வேண்டாம்.

பிரேக்கில் பேரமே கிடையாது. பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ஹோஸ்கள், லைனிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் மலிவு. ஒன்றைப் புதிதாக்கினால் அந்த பிரஷரில் அடுத்த பழையது கசிய ஆரம்பிக்கும். டிரம் உள்விட்டம் ஓரத்தில் அடித்திருக்கும் எல்லையைத் தாண்டினால் லேத்தில் கொடுக்காமல் மாற்றிவிடுங்கள். மெலிந்த டிரம் இறக்கத்தில் சூடேறி விரியும், பெடல் அடிவரை போகும். பூஸ்டருக்கு எளிய சோதனை: இன்ஜினை அணைத்து நான்கைந்து தடவை பெடலை அமுக்கி, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை.

ஸ்டீயரிங் 50 கிலோமீட்டர் வேகத்தில் குழியில் இறங்கி ஏறியதும் கிடுகிடுவென்று ஆடினால், எல்லோரும் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றச் சொல்வார்கள். அது நோயை மறைக்கும், அவ்வளவுதான். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கில் இறுக்கம் போயிருக்கும். ஷிம் எனும் மெல்லிய தகடுகளை எடுத்து அல்லது சேர்த்துச் சரிசெய்து, ஸ்பிரிங் தராசால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளை இழுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஸ்பிரிங் புஷ் எல்லாம் அதற்கு அடுத்தபடி.

இன்ஜினுக்கு டீசல் பாய்ச்சும் பம்ப்-நாசில் பற்றி மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. சேலத்தில் சரியாக செட் செய்த பம்ப் மேலே கொஞ்சம் கரும்புகை தள்ளும், இழுவையும் குறையும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு இது இயல்பு. இழுவை போதவில்லை என்று டீசலைக் கூட்டி வைத்தால் புகையும் சூடும்தான் கூடும்.

வேலை வரிசையில் பெரும்பாலோர் பெயின்டில் ஆரம்பிக்கிறார்கள். நேர்மாறாக வையுங்கள்: சேஸி, பிரேக், ஸ்டீயரிங், கூலிங், கியர்பாக்ஸ், இன்ஜின், ஒயரிங், கடைசியில் பாடி. பாதியில் பணம் தீர்ந்தாலும் வண்டி ஓடும். பாடியில் காந்தம் வைத்துப் பட்டி அடித்த இடங்களைக் கண்டுபிடித்து, வெட்டி எடுத்து, 18 கேஜ் சி.ஆர். தகடு வைக்க வேண்டும். தரைக்கு 16 கேஜ். சேலம் ஸ்டீல் ஊர்தானே என்று எவர்சில்வர் தகடு வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். சாதா இரும்போடு அது சேரும் ஓரத்தில் ஈரம் பட்டால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

புதுப்பித்த பிறகுதான் நிஜமான பராமரிப்பு. முதல் 500 கிலோமீட்டரில் யூ-போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும். அதன்பின் 15டபிள்யூ-40 போதும், விலை கூடிய சிந்தெடிக் ஆயில் இந்த இன்ஜினுக்கு வீண். டிஃபரன்ஷியலில் 90 ஆயில். கிரீஸ் நிப்பிள்களுக்கு 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை கிரீஸ் கன் பிடியுங்கள். யூ.ஜே. கிராஸின் கப்பைச் சுற்றிக் குங்குமம் தூவிய மாதிரி சிவப்புத்தூள் தெரிந்தால் உள்ளே நீடில் காய்ந்து அரைகிறது. கிரீஸ் அடித்தாலும் பிழைக்காது, மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், மலை மூட்டத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள். மூன்றாவது மழைக்காலம் வாக்கில் நக்கிள் ஆயில் சீலும், ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்ப் சீலும் கசியத் தொடங்குவது வழக்கம். அது வேலை சரியில்லை என்று அர்த்தமில்லை, அந்த சீல்களின் ஆயுள் அவ்வளவுதான்.

கடைசியாகப் பணம். பட்டறைக்காரர் சொல்லும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள். பிரித்த பிறகுதான் பாதி தெரியும். அந்த மொத்தமும் வண்டி விலையும் சேர்ந்து 2010-க்குப் பிறகு வந்த பழைய மஹிந்திரா தார் ஜீப் ஒன்றின் விலையை எட்டினால், தினமும் சேலம் இறங்கி ஏறுகிறவர் தார் வாங்குவதே சரி. அதற்குள் அடங்கினால், சேஸியும் புத்தகமும் சுத்தமாக இருந்தால், தோட்ட வேலைக்கும் மண் பாதைக்கும் 540-ஐ எடுக்கலாம். விற்கும்போது போட்ட பணம் திரும்பும் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஜீப் வாங்க வருபவர் பார்ப்பது பெயின்டை. நீங்கள் கிங் பின்னுக்குச் செலவழித்ததற்கு அவர் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரமாட்டார்.