கேடிஇ பிளாஸ்மா சிஸ்டம் டிரே: எதைக் காட்டுவது, எதை மறைப்பது

மொழிபெயர்ப்பு என் வேலை. 14 அங்குல மடிக்கணினியில் இரண்டு கோப்புகளை அருகருகே திறந்தாலே இடம் போதாது. வலது மூலையிலோ வைஃபை, புளூடூத், கிளிப்போர்டு, அரட்டைச் செயலி என்று சின்னங்கள் வரிசைகட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் நான் அடிக்கடி தேடுவது ஒன்றைத்தான்: விசைப்பலகை இப்போது தமிழில் இருக்கிறதா, ஆங்கிலத்தில் இருக்கிறதா? அதைக் கவனிக்காமல் அரை வரி தட்டிவிட்டு அழிப்பது தினமும் நடக்கும்.

லினக்ஸ் கணினிகளுக்கான டெஸ்க்டாப் சூழலான கேடிஇ பிளாஸ்மாவுக்கு வந்த பிறகுதான் இதற்கு விடிவு பிறந்தது. சின்னங்கள் நிற்கும் அந்த மூலைக்குச் சிஸ்டம் டிரே என்று பெயர். அதில் உள்ள சின்ன அம்புக்குறியில் வலது கிளிக் செய்து அமைப்புகளுக்குள் போனால் எல்லாச் சின்னங்களும் பட்டியலாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எப்போதும் காட்டலாம், எப்போதும் மறைக்கலாம், தேவைப்படும்போது மட்டும் வரச் சொல்லலாம். மறைத்தவை எங்கும் போய்விடுவதில்லை, அம்புக்குறியைத் தட்டினால் உள்ளே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ‘தேவைப்படும்போது’தான். மைக்கை ஏதாவது செயலி பயன்படுத்தினால்தான் மைக் சின்னம் தலைகாட்டும். ஒருநாள் வாடிக்கையாளரோடு பேசி முடித்து அரை மணி நேரம் கழித்தும் அது மூலையில் நின்றது. என்னவென்று பார்த்தால், பிரவுசரில் அந்த அழைப்பு டேப்பை நான் மூடவே இல்லை! பத்துப் பதினைந்து சின்னங்களுக்கு நடுவே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

குறையும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் சின்னங்கள்தான் பட்டியலில் வரும். எப்போதாவது திறக்கும் செயலியின் சின்னத்தை மறைக்க வேண்டுமென்றால், முதலில் அதைத் திறந்துவிட்டு இங்கே வர வேண்டும். அப்புறம், பிளாஸ்மாவின் சொந்தச் சின்னங்களை அடியோடு முடக்கலாம். மற்ற செயலிகளின் சின்னங்களை மறைக்க மட்டுமே முடியும். இதையும் சரிசெய்தால் நன்றாக இருக்கும்.

ஆனாலும் தேர்வைப் பயனர் கையில் விட்டிருக்கிறார்களே, அது பெரிய விஷயம். லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப் சூழலான க்னோம் 2017-இல் 3.26 பதிப்போடு பழைய டிரேயையே எடுத்துவிட்டது; அங்கே இந்தச் சின்னங்கள் வேண்டுமென்றால் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) போட வேண்டும்.

இப்போது என் பேனலில் விசைப்பலகை, வைஃபை, பேட்டரி மூன்றுதான் நிரந்தரம். கிளிப்போர்டை மறைத்துவிட்டேன். மெட்டா விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) வி அழுத்தினால், நகலெடுத்த வரிகள் எல்லாம் கண்முன் வந்துவிடுகின்றன.