லினக்ஸில் டயல்-அப் கால்பேக்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கால்பேக் என்றால், தொலைபேசி லைனில் மோடம் வழியாகக் கூப்பிட்டவரின் அழைப்பை வெட்டிவிட்டு சர்வரே அவரைத் திருப்பிக் கூப்பிடுவது. லினக்ஸில் அது வேலை செய்யவில்லை என்று யாராவது வந்து நின்றால் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் அழைப்பு துண்டான பிறகு என்ன நடந்தது? பெரும்பாலும் பதில் வராது. முதல் அழைப்பில் மோடம் கத்தியது, லாகின் கேட்டது, பெயர் கொடுத்தேன், லைன் கட் ஆனது என்று அதுவரைக்கும் விவரமாகச் சொல்வார்கள். "அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை" என்று முடித்துவிடுவார்கள். அந்த "ஒன்றும் நடக்காத" அரை நிமிடத்தில்தான் கால்பேக்கின் முக்கால்வாசிப் பிழைகள் ஒளிந்திருக்கின்றன. முதல் அழைப்பு சாதாரண டயல்-அப். இரண்டாவதும் சாதாரண டயல்-அப். நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் சிரமப்பட வேண்டும்.

எங்களுக்கு இது தேவைப்பட்ட காரணம் எளிமையானது. தலைமை அலுவலகம் சென்னை, கிளை கரூர். அன்றாட சரக்குக் கணக்கு கிளையிலிருந்து இரவில் வர வேண்டும். எஸ்டிடி என்ற வெளியூர் அழைப்பில் கூப்பிடுகிறவர் தலையில்தான் கட்டணம் விழுந்தது. கிளையின் ஃபோன் பில்லை யார் ஏற்பது என்று மாதாமாதம் ஒரு பஞ்சாயத்து. கிளை கூப்பிட்டுத் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு லைனை விட்டுவிடும், சென்னை திருப்பிக் கூப்பிடும் என்று ஆக்கியதும் அந்தப் பஞ்சாயத்து நின்றது. பாதுகாப்பும் கிடைக்கும் என்று சொன்னார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மோடம் விஷயத்தில் ஒரே வார்த்தை: வெளியே வைக்கும் சீரியல் மோடம். கார்டாகச் செருகும் வின்மோடங்களுக்கு லினக்ஸ் டிரைவர் தேடி அலைவது ஒரு பக்கம் இருக்கட்டும், வெளி மோடத்தின் முகப்பில் விளக்குகள் இருக்கின்றன. ஓஎச் என்றால் ரிசீவரை எடுத்திருக்கிறது, சிடி என்றால் எதிர்முனையின் கேரியர், அதாவது எதிர் மோடத்தின் ஒலி, கிடைத்திருக்கிறது. நான் சொன்ன அரை நிமிடத்தில் லாக் கோப்பைவிட இந்த இரண்டு விளக்குகளே அதிகம் சொல்லும். சிடி அணைந்த பிறகும் ஓஎச் எரிந்துகொண்டே இருந்தால் மோடம் லைனை விடவில்லை. இரண்டும் அணைந்து, ஓஎச் மறுபடி எரிந்து, உடனே அணைந்தால் மோடம் டயல் டோன் கிடைக்காமல் கைவிட்டிருக்கிறது.

சர்வர் பக்கம் கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி, மோடத்துக்கு வரும் அழைப்பை எடுத்து லாகின் கேட்கும் நிரல். அதனுடனேயே கால்பேக் என்ற சிறு நிரலும் வருகிறது. கணினி கிளம்பும்போது எதையெல்லாம் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இனிட்டேப் கோப்பில் எம்கெட்டிக்கு ஒரு வரி, எம்கெட்டியின் லாகின்.கான்ஃபிக் கோப்பில் கால்பேக்குக்கு ஒரு வரி. பயனர் பெயர், இரண்டு கோடுகள், கால்பேக் நிரலின் முழுப் பாதை, கடைசியில் தொலைபேசி எண். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பை எம்கெட்டி மேலிருந்து கீழே படிக்கும், பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். எல்லோருக்கும் பொதுவான நட்சத்திரக் குறி வரி வழக்கமாகக் கடைசியில் இருக்கும். கால்பேக் வரியை அதற்குக் கீழே ஒட்டினால் அது ஒருநாளும் படிக்கப்படாது. பெயர் கொடுத்ததும் சாதுவாக பாஸ்வேர்டு கேட்கும். "கால்பேக் ஆகவில்லை, பாஸ்வேர்டு கேட்கிறது" என்று வரும் புகாருக்கு இதுதான் மருந்து.

இன்னொன்று. வரியின் கடைசியில் எண் எழுதாவிட்டால், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கால்பேக் நிரல் வந்தவரிடமே கேட்கும். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கு இது வசதி. ஆனால் இந்தக் கட்டத்தில் பாஸ்வேர்டு கிடையாது. பெயரைத் தெரிந்துகொண்ட எவரும் உங்கள் செலவில் உங்கள் மோடத்தை வெளிநாட்டுக்கே டயல் செய்ய வைக்கலாம். எண்ணை வரியிலேயே எழுதிவிட்டால், பெயர் தெரிந்தவர் செய்யக்கூடிய அதிகபட்ச விஷமம் கிளை ஃபோனை அடிக்க வைப்பதுதான். நான் எண் இல்லாத வரியை ஒருபோதும் வைக்கவில்லை. வைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கும் மறுத்துவிட்டேன்.

சரி, இப்போது அந்த அரை நிமிடம். அனலாக் லைனில் அழைப்பைப் பிடித்து வைத்திருப்பவர் கூப்பிட்டவர்தான். கூப்பிடப்பட்டவர் ரிசீவரை வைத்தாலும், கூப்பிட்டவர் வைக்கும் வரை இணைப்பகம் லைனைச் சிறிது நேரம் விடாமல் வைத்திருக்கும். வீட்டு ஃபோனில் எதிராளி பேசி முடித்து வைக்காமல் விட்டுவிட்டால் நமக்கு டயல் டோன் வராதே, அதே சங்கதி. சென்னை மோடம் லைனை வெட்டுகிறது, உடனே எடுத்து டயல் செய்கிறது, ஆனால் மறுமுனையில் கிளை மோடம் இன்னும் அதே லைனில் தொங்கிக்கொண்டிருக்கிறது. டயல் டோன் இல்லை. டயல் டோனைக் கவனிக்க வேண்டுமா என்று மோடத்துக்குச் சொல்லும் எக்ஸ் அமைப்பைப் பொறுத்து "நோ டயல்டோன்" என்று வரும். டயல் டோனைப் பொருட்படுத்தாதே என்று எக்ஸ்3 வைத்திருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை: மோடம் காற்றில் எண்களை ஒற்றிவிட்டு, யாரும் எடுக்கவில்லையே என்று காத்திருக்கும். அலுவலக இண்டர்காம் போர்டுக்குப் பின்னால் மோடம் வைத்திருப்பவர்கள் எக்ஸ்3 வைத்தே ஆக வேண்டியிருக்கும். அவர்களுக்குத்தான் இந்தப் பிழை கடைசி வரை கண்ணில் படாது.

மருந்து, இடைவெளியைக் கூட்டுவது. அதைவிட நல்லது, கூப்பிட ஒரு லைன், திருப்பிக் கூப்பிட வேறொரு லைன். பாதுகாப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. ஒரே லைனில் கால்பேக் வைத்தால், வந்தவர் லைனை விடாமல் பிடித்துக்கொண்டு, போலியாக ஒரு டயல் டோனையும் கேட்க வைத்துவிட்டால் போதும். சர்வர் மோடம் கரூருக்கு டயல் செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த ஆளிடமே கைகுலுக்கும். கால்பேக்கைப் பூட்டு என்று நம்பி, உள்ளே இருக்கும் பாஸ்வேர்டை அலட்சியமாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், ஒரே லைன் கால்பேக் என்பது பில்லை இடம் மாற்றும் ஏற்பாடு மட்டுமே. பாதுகாப்பு வேண்டுமென்றால் இரண்டாவது லைனுக்குச் செலவழிக்க வேண்டும்.

கிளைப் பக்கம் வேலை அதிகம். மோடம் இணைப்பின் மேல் நெட்வொர்க்கை ஓட்டுவது பிபிபி டீமன். அதன் கனெக்ட் ஸ்கிரிப்டாக, மோடத்தோடு எழுத்தில் பேசும் சாட் நிரல். ஸ்கிரிப்ட் டயல் செய்ய வேண்டும், லாகின் வந்ததும் கால்பேக் பெயரைக் கொடுக்க வேண்டும், லைன் வெட்டப்படும் வரை காத்திருக்க வேண்டும், "ரிங்" வந்ததும் ஏடிஏ (அழைப்பை எடு என்ற மோடக் கட்டளை) அனுப்ப வேண்டும், "கனெக்ட்" வந்ததும் மறுபடி லாகின் செய்ய வேண்டும், இந்த முறை உண்மையான பெயரும் பாஸ்வேர்டும். கனெக்ட் ஸ்கிரிப்ட் ஓடும்போது பிபிபி டீமன் கேரியரைக் கண்டுகொள்ளாது என்பதால் நடுவில் லைன் போனாலும் அது பதறாது. நல்ல விஷயம்.

பதறுவது சாட். எல்லா மாதிரி ஸ்கிரிப்டுகளிலும் "நோ கேரியர் வந்தால் கைவிடு" என்று ஓர் அபார்ட் வரி இருக்கும். சாதாரண டயல்-அப்புக்கு அது சரி. கால்பேக்கில் முதல் அழைப்பு துண்டாகும்போது மோடம் சொல்வதே "நோ கேரியர்"தான்! திட்டமிட்டபடி எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது சாட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு வெளியேறும். பிபிபி டீமன் 8 என்ற வெளியேற்ற எண்ணோடு நிற்கும், கனெக்ட் ஸ்கிரிப்ட் தோற்றது என்று அர்த்தம். ஆகவே அந்த அபார்ட் வரியை எடுத்துவிட்டு, "நோ கேரியர்" என்பதை ஸ்கிரிப்டின் நடுவில் எதிர்பார்க்கும் சொல்லாகவே வைக்க வேண்டும். அது வந்தால்தான் அடுத்த படி.

அடுத்தது டைம்அவுட். சாட் தானாக எடுத்துக்கொள்வது 45 வினாடி. லைன் விடுபட வேண்டும், சர்வர் காத்திருந்து டயல் செய்ய வேண்டும், மணி அடிக்க வேண்டும். எஸ்டிடியில் 45 வினாடி போதாது. தாராளமாக இரண்டு நிமிடம் வையுங்கள். இன்னொரு நுணுக்கம்: ஏடிஏ அனுப்பிய பிறகு மோடங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது கணினியிலிருந்து ஓர் எழுத்து போனாலும் மோடம் கைவிட்டுவிடும். ஸ்கிரிப்டில் தவறி ஓர் என்டர் இருந்தால் போதும். சிடி விளக்கு வராமலே ஓஎச் அணைந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸ் 95, 98 வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. மோடத்தின் கூடுதல் அமைப்பில் &சி0, எஸ்0=1 என்று எழுதிவிடுவோம். கேரியர் எப்போதும் இருப்பதாக மோடம் பொய் சொல்லும், அதனால் லைன் வெட்டப்பட்டது விண்டோஸுக்குத் தெரியாது. மணி அடித்தால் மோடம் தானே எடுத்துவிடும். அசிங்கமான வழிதான், ஆனால் அசராமல் ஓடியது.

இதுவரை சொன்னது எழுத்து வழியில் லாகின் செய்யும் கால்பேக். எதிர்முனையில் டயல்-அப் அழைப்புகளை ஏற்கும் விண்டோஸ் என்டியின் ராஸ் சர்வர் இருந்தால் கதை வேறு. அங்கே கால்பேக் பிபிபிக்குள்ளேயே பேசப்படுகிறது. இணைப்பின் விதிகளை இரு பக்கமும் பேசி முடிக்கும் எல்சிபி என்ற முதல் கட்டத்தில் 13ஆவது விருப்பமாகக் கால்பேக் கேட்கப்படும். 1994இல் வந்த ஆர்எஃப்சி 1570 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த விருப்பத்தை வரையறுத்தது. அதற்கு மேல் சிபிசிபி என்ற மைக்ரோசாஃப்டின் நெறிமுறை. வரிசை இப்படி: எல்சிபி, பாஸ்வேர்டு சோதனை, சிபிசிபி, துண்டிப்பு, திரும்ப அழைப்பு, மறுபடி எல்சிபி, மறுபடி பாஸ்வேர்டு சோதனை, பிறகுதான் ஐபி முகவரி. லினக்ஸ் பிபிபி டீமனில் சிபிசிபி தொகுக்கும்போது சேர்க்க வேண்டிய ஒன்று. பழைய பதிப்புகளில் மேக்ஃபைலில் ஒரு வரியைத் திறந்துவிட வேண்டும். சேர்க்காத டீமனிடம் சர்வர் கால்பேக் கேட்டால் அது மரியாதையாக மறுத்துவிடும், சர்வரும் கதவைச் சாத்திவிடும். டிபக் லாகில் எல்சிபி வரியின் கடைசியில் கால்பேக் சிபிசிபி என்று வருகிறதா, அதற்கு நம் பக்கம் ரிஜெக்ட் போகிறதா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சேர்த்துத் தொகுத்து, ஆப்ஷன் கோப்பில் கால்பேக் என்று எழுதி எண்ணையும் கொடுத்தால், முதல் அழைப்பு முடிந்ததும் டீமன் 14 என்ற எண்ணோடு வெளியேறும். இது பிழை இல்லை! கால்பேக் பேசி முடிந்தது, சீக்கிரம் அழைப்பு வரும் என்று அர்த்தம். பூஜ்யம் தவிர எது வந்தாலும் தோல்வி என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் இங்கே மறுபடி டயல் செய்யத் தொடங்கி, வருகிற அழைப்புக்கு பிஸி டோன் கொடுக்கும். 14 வந்தால் இரண்டாவது டீமனைக் கிளப்பி, அதன் சாட்டில் ரிங், ஏடிஏ, கனெக்ட் மட்டும் வைக்க வேண்டும். கால்பேக் ஆப்ஷன் அதில் வேண்டாம்.

அதே போர்ட்டில் எம்கெட்டியும் உட்கார்ந்திருந்தால் ஒரு தகராறு வரும். முதல் டீமன் வெளியேறி, போர்ட்டுக்குப் போட்டிருந்த பூட்டுக் கோப்பை நீக்கியதும் எம்கெட்டி போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும், வரும் மணிக்கு அதுவே பதில் சொல்லும், என்டி சர்வரிடம் லாகின் கேட்கும். சர்வரோ பிபிபி பேசும், திரையில் ~}#!}!}! என்று குப்பை ஓடும். லாகின்.கான்ஃபிக்கில் ஆட்டோபிபிபி வரி வைத்திருந்தால் எம்கெட்டி அந்தக் குப்பையை அடையாளம் கண்டு பிபிபி டீமனைக் கிளப்பும்தான். ஆனால் அந்த வரியில் வழக்கமாக ஆத் என்று இருக்கும், "நீ யார் என்று நிரூபி" என்று நம் டீமன் சர்வரைக் கேட்கும். சர்வர் நம்மை நிரூபிக்கச் சொல்லும், தன்னை நிரூபிக்காது. வெளியேற்ற எண் 11. கால்பேக்கில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது தலைகீழாகும், யார் யாரிடம் அடையாளம் கேட்பது என்பது மாறாது. இது பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. எம்கெட்டியை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பதே நிம்மதி.

இதெல்லாம் லாகில் தெரிய வேண்டுமென்றால் சிஸ்லாகில் டீமன் பிரிவின் டிபக் மட்டத்தை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். சாட் பேசுவது லோக்கல்2 பிரிவுக்குப் போகும், அதையும் சேர்த்து. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் அந்த அரை நிமிடத்தை வினாடி வினாடியாகப் படிக்கலாம்.

ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி லைன் வைத்திருந்தவர்கள் பாக்கியவான்கள். கூப்பிடுகிறவரின் எண் அழைப்புடனேயே வந்துவிடும், எடுக்காமலேயே நிராகரித்துத் திருப்பிக் கூப்பிடலாம், முதல் அழைப்புக்குக் கட்டணமே இல்லை. ஐஎஸ்டிஎன்4லினக்ஸில் அதற்குத் தனிக் கட்டளையே இருந்தது. கெர்னல் 5.3இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

மோடம் வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. பிபிபி டீமனின் 2.5.0 பதிப்பு 2023இல் வந்தது. நெட்வொர்க் விழுந்தால் தொலைதூர ரவுட்டரின் கன்சோலைப் பிடிக்க ஓர் இடத்தில் இன்றும் எம்கெட்டி கால்பேக் வைத்திருக்கிறேன். இனிட்டேப் போய் சிஸ்டம்டி யூனிட் வந்தது, மற்றபடி லாகின்.கான்ஃபிக் வரி அப்படியே. புதுத் தலைவலி, லைன் என்று கொடுக்கப்படுவது உண்மையில் இணையவழிக் குரல் பெட்டி. அதில் குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறை போட்டிருந்தால் மோடம் ஒலி சிதைந்துவிடும், ஜி.711 மட்டும் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மோடத்தையும் வினாடிக்கு 9600 பிட்டுக்குள் கட்டிப்போடுங்கள். கன்சோலுக்கு அது தாராளம்.