புளியமரத்தடி ஒர்க்‌ஷாப்பும் என் கே.ஏ. 05 வண்டியும்

பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு வழி சொல்வது கொஞ்சம் சிரமம். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகிற சாலையில் ஒரு பெரிய புளியமரம், அதன் கீழே தகரக் கொட்டகை, பக்கத்தில் கறுத்துப் போன டயர் நாலைந்து. விசாரித்தால் "பாய் ஒர்க்‌ஷாப்பா?" என்று எல்லோரும் கை காட்டிவிடுவார்கள். வெளிமாநிலப் பதிவெண்ணோடு காரை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடும் முன்னால் இங்கே ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். நான் தலைகீழாகப் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதும் வேலை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதும், 2024 மே மாதம் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். கணவர் கத்தாரில். கூட வந்தது 2017-இல் வாங்கிய, கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடகப் பதிவெண் கொண்ட மாருதி ஒன்றுதான். வந்த நாள் முதல் ஆளாளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். "ஒரு மாசத்துல நம்பர் மாத்தணும்மா" என்றார் வழியில் வண்டியை நிறுத்திய காவலர். "அஞ்சு வருசம் ஓட்டலாம், ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்றார் சித்தப்பா. மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். முகவரி மாறினால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது 49-வது பிரிவு. காவலர் இரண்டையும் கலந்துவிட்டார் என்று நினைக்கிறேன். சித்தப்பா எதையும் கலக்கவில்லை, அவராகவே செய்த சட்டம் அது.

எப்படியும் ஒரு வருடம் இருக்கிறதே என்று விட்டேன். அந்த வருடம் நவம்பரில் மழை வந்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியதே, அதே மழைதான். எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி இரண்டு நாள் அப்படியே நின்றது. ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டதால் என்ஜின் தப்பித்தது. அடிப்பக்கம் என்ன ஆயிற்று என்று நான் குனிந்து பார்க்கவே இல்லை.

டிசம்பரில், வண்டியை வேறு மாநிலத்தில் பதியத் தேவையான தடையில்லாச் சான்று வாங்கப் பெங்களூர் போனேன். எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்தோமோ அங்கேதான் வாங்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, படிவம் 28-ஐ அச்செடுத்து, அதில் வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, அதாவது சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் அச்செடுத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு நேரமில்லை என்று ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஏஜென்ட்டிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேன். அவருக்கு என் கணக்கில் ஒரு நட்சத்திரம், அதுவும் நாற்காலி போட்டு உட்கார வைத்ததற்காக.

ஏனென்றால் மனு மூன்று காரணத்துக்காகத் திரும்பி வந்தது. முதலாவது, கார்க்கடன் 2022-லேயே முடிந்துவிட்டாலும் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து அதை முதலில் நீக்க வேண்டும். வங்கி அப்போது கொடுத்த கடிதம் பீரோவில் பத்திரமாக இருந்தது, காலாவதியாகி. இரண்டாவது, சிக்னல் தாண்டியதற்கு ஒன்று, தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு ஒன்று என்று இரண்டு அபராதம் பாக்கி. இந்த இரண்டையும் அந்த ஆள் ஆர்.சி.யைப் பார்த்த அன்றே சொல்லியிருக்கலாம். மூன்றாவது மட்டும் என் தப்பு. சேஸிஸ் அச்சு தெளிவாக இல்லை. அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வீட்டில் பென்சில் கிடைக்காமல் கண்மைப் பென்சிலால் எடுத்தது.

திரும்பி வந்து இன்னொரு தடவை முயற்சி செய்தேன், இம்முறை சரியான பென்சிலால். அப்போதும் பதினோராவது இடத்தில் ஒரு கறுப்புக் குட்டைதான் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் எண்கள் மேல் துரு பூத்திருக்கிறது. உப்புத்தாள் வாங்கிவந்து தேய்க்கக் கையை வைத்த நேரத்தில்தான் பால் ஊற்ற வந்த தம்பி, "அக்கா, பாய்ட்ட காட்டிட்டுச் செய்யுங்க" என்றான். அந்தத் தம்பிக்கும் ஐந்து நட்சத்திரம்.

பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். உப்புத்தாள் என்று நான் சொன்னதுமே கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தேச்சுட்டீங்களாம்மா?"

"இல்ல பாய்."

"தேச்சிருந்தா முடிஞ்சுது. நம்பர் மேல கீறல் கண்டா, அழிச்சு அடிச்ச வண்டின்னு நிப்பாட்டிருவாங்க. அப்புறம் திருட்டு வண்டி இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து மூடினார். "காலைல வாங்க." அவ்வளவுதான். மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், எழுத்து போகும் வாக்கிலேயே மெதுவாகத் துலக்கினார். பிறகு மெல்லிசான பென்சிலைப் படுக்க வைத்து எண்கள் மேல் நிழல் போடுவது மாதிரி தேய்த்தார். அதன் மேல் செலோடேப்பை ஒட்டி, விரலால் நீவி, ஒரே இழுப்பில் உரித்தார். எம்.ஏ.3 என்று ஆரம்பித்து பதினேழு எழுத்தும் வரிசையாக டேப்பில் வந்துவிட்டன. அப்படியே வெள்ளைத்தாளில் ஒட்டினார். மூன்று பிரதி எடுத்தார். "ஒண்ணு பெங்களூருக்கு, ஒண்ணு ராமநாதபுரத்துக்கு, ஒண்ணு உங்க பீரோவுக்கு."

அந்தப் பதினோராவது இடம் இப்போதும் லேசாக மங்கல்தான். ஓவா, சைபரா என்று எனக்குச் சந்தேகம். பாய் சிரித்தார். சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ மூன்று எழுத்தும் வராது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடும் என்று விட்டுவிட்டார்கள், ஆகவே சைபர்தான் என்றார். ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். சைபர். ஆறாயிரம் வாங்கிய ஆளுக்கு இது தெரிந்திருக்குமா என்று அந்த நேரத்தில் தோன்றியது. கடைசியில் அந்த எண்கள் மேல் விரல் நுனியால் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டார். இதற்கெல்லாம் கூலி 350 ரூபாய்.

வேலை முடிந்தது என்று நான் கிளம்பினால் அவர் விடவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி என்னைக் குனியச் சொன்னார். சைலன்சர் தாங்கி, பின் அச்சுக்குப் பக்கத்துத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ஓரம் எல்லாம் செம்மண் நிறம். ஸ்குரூடிரைவர் முனையால் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்றால் நல்ல தகடு, தொப் தொப் என்றால் உள்ளே தின்றுவிட்டது. என் வண்டியில் ஒரே ஓர் இடத்தில் தொப் என்றது. "பழைய பாம்பன் பாலத்துல ரயிலை ஏன் நிப்பாட்டுனாங்க? இதே வியாதிதான்" என்றார். அது உண்மைதான். 1914-இல் திறந்த பாலம் அது. துரு முற்றியதால் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். காரைக்குடியில் உள்ள செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடல் காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறதென்றால், நம் ஊர்க் காற்றின் யோக்கியதை தெரிகிறதல்லவா.

தொப் என்ற இடத்தை வெட்டி வெல்டு வைத்து, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் அடிக்க 4,500 ரூபாய் ஆயிற்று. கோட்டிங் அடிக்கும் முன்னால் இரண்டு நாள் வெயிலில் காய விட்டார். கூடவே ஒரு கட்டளை: போர் தண்ணீரில் காரைக் கழுவக் கூடாது. எங்கள் தெரு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. எட்டு மாதமாக அதில்தான் வாரா வாரம் பளபளவென்று கழுவிக்கொண்டிருந்தேன், காற்றில் வருகிற உப்பு போதாது என்று. இப்போது காவிரிக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு வாளி எடுத்து அடிப்பக்கத்துக்கு மட்டும் ஊற்றுகிறேன். "குடிக்கிற தண்ணிய எடுத்து காருக்கு ஊத்துறா பாரு" என்று அம்மா வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே அறிவிக்கிறார்.

ஜனவரியில் ஏஜென்ட் யாரும் இல்லாமல் நானே போனேன். புது வங்கிக் கடிதம், படிவம் 35, அபராதம் கட்டிய ரசீது, பாய் எடுத்த அச்சு எல்லாம் கையில். இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது, ஆனால் தடையில்லாச் சான்று வந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் படிவம் 27, தடையில்லாச் சான்று, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று. இவற்றோடு வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் கொடுத்த அசல் பில் அவசியம். வரியை அந்த விலையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 2023 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறையும். குறைந்த தொகையைக் கேட்டும் எனக்கு நெஞ்சு அடைத்தது, ஏற்கனவே கர்நாடகாவில் ஒரு தடவை மொத்தமாகக் கட்டியவள் அல்லவா. மீதி வருடங்களுக்கான பங்கை அங்கிருந்து திரும்பக் கேட்கலாம். தமிழ்நாட்டு ஆர்.சி.யின் நகலை இணைத்து மனுப் போட்டிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

வண்டியை நேரில் பார்த்தவர் பிரேக் இன்ஸ்பெக்டர். பதவிப் பெயர் என்னவோ மோட்டார் வாகன ஆய்வாளர், ஆனால் எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள். பானெட்டைத் திறக்கச் சொன்னார், கிரீஸைத் துடைத்துவிட்டு எண்ணை ஓர் எழுத்து விடாமல் விரல் வைத்துப் படித்தார். பதினோராவதில் விரல் நின்றது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். "சைபர்" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். என்ஜின் எண், லைட், ஹாரன், சீட் பெல்ட். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிப்பக்கம் அவர் குனிந்து பார்க்கவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். அவர் பார்ப்பது இது யாருடைய வண்டி என்று. பாய் பார்த்தது இது இன்னும் எத்தனை நாள் வண்டியாக இருக்கும் என்று. ஆபீசுக்கு மூன்றரை நட்சத்திரம். ஆட்கள் மரியாதையாகப் பேசினார்கள். உட்கார நிழல்தான் போதவில்லை.

இன்சூரன்ஸ் கதை தனி. நம்பர் மாறினால் புதுப் பாலிசிதான் எடுக்க வேண்டும் என்று போனில் ஒரு பெண் சாதித்தார். அது தேவையே இல்லை. இருக்கிற பாலிசியிலேயே பதிவெண்ணையும் முகவரியையும் மாற்றி எழுதித் தருவார்கள், அதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். க்ளைம் எதுவும் கேட்காமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி வண்டியின் உரிமையாளரைச் சேர்ந்தது, பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பித்தால் அது போகாது. மூன்று மின்னஞ்சல் அனுப்பிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்று, சேதத்துக்கான பிரீமியத்தில் பெங்களூர் 'ஏ' மண்டலம், ராமநாதபுரம் 'பி' மண்டலம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது பி-க்கு மாற்றிக் கேளுங்கள், கொஞ்சம் குறையும். வெள்ளச் சேதத்துக்குப் பாலிசியில் இடம் உண்டு. துருவுக்கு இல்லை, அது தேய்மானக் கணக்கில் போய்விடும்.

ஃபாஸ்டேக்கை மாற்ற மறந்துவிட்டேன். பழைய கே.ஏ. எண்ணில் இருந்தது போகலூர் டோலில் வேலை செய்யாமல் இரண்டு மடங்கு கட்டினேன். மறதிக்கு அபராதம், யாரையும் நோக முடியாது.

பாயிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. நாளைக்கு என்றால் அது நாளைக்கு இல்லை, எனக்கு வெல்டு வேலை நாலு நாள் இழுத்தது. பில் கிடையாது, தேவையென்றால் நீங்களே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நேரம் சொல்லாமல் போனால் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், மேலே பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் சுற்றுவதை எண்ணிக்கொண்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிட்டு மூன்றுக்குத்தான் திறக்கிறார். ஜிபே கிடையாது, சில்லறையாகக் கொண்டு போங்கள். ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு போங்கள், எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் பென்சிலைத் தொட மாட்டார்.